கிற்றாரின் முதுகில் கேட்ட சத்தம்

"ஆர் இன்னும் வாசிக்கிறது?" என்று மாஸ்ரர் கேட்டார்.

யாரும் வாசிக்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டது. அதன் கடைசியில் எல்லா வாத்தியங்களும் ஒரே வெட்டாக நிற்க வேண்டும், நின்றோம். ஆனாலும் கொட்டிலுக்குள் மெல்லிய ரீங்காரம் ஒன்று மிச்சமிருந்தது. கிணற்றுக்குள் செம்பு விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்குமே, அந்த மாதிரி. இரண்டு மூன்று விநாடி இருந்து அடங்கியது. மாஸ்ரர் அக்கோடியனை மடியில் வைத்தபடி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னில் நிறுத்தினார்.

ஆறு கம்பிகளையும் நான் உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருந்தேன். அதைக் காட்டினேன். திரும்ப வாசித்தோம், திரும்ப நின்றோம். அது திரும்ப வந்தது.

எண்பத்து நாலாம் ஆண்டு அது. உரும்பிராயில் மாஸ்ரர் ரியூசன் நடத்திய கொட்டிலில், வகுப்பு இல்லாத ஞாயிறு பின்னேரங்களில், எங்கள் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும். திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் போய் வாசிப்போம். நான் சுன்னாகத்தில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின்கள் திருத்துகிறவன். கிற்றார் எனக்கு வேலை முடிந்த பிறகு வருகிற வாழ்க்கை. அதை மாஸ்ரர் அவ்வளவாக மதிப்பதில்லை. மெசின் பிடிக்கிற கை கம்பியைச் சரியாக அடக்காது என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஓர் எண்ணம். அன்றைக்கு அது ஊர்ஜிதமானது போல முகத்தை வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் அச்சுவேலியில் ஒரு திருவிழாவுக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். அதற்கிடையில் இதைச் சரிப்படுத்தாவிட்டால் வேறு ஓர் ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்று, என்னைப் பார்க்காமல், தபேலாக்காரருக்குச் சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு நித்திரை போய்விட்டது. மெசினில் ஒரு சத்தம் கேட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். நேற்று இல்லாத சத்தம் இன்றைக்கு இருந்தால், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். நான் தொழில் செய்வதே அந்த நம்பிக்கையில்தான்.

அந்தக் கிற்றாரை எட்டு மாதத்துக்கு முன்னர் குருநகரில் ஒருவரிடம் வாங்கியிருந்தேன். கப்பலில் வேலை செய்தவர். யப்பானில் செய்த சிவப்புக் கிற்றார். கம்பிகள் வந்து பூட்டப்படும் பிரிட்ஜில் ஒரு மெல்லிய இரும்புப் பிடி இருக்கும். அதை அழுத்தி விட்டால் சுரம் அலையில் விழுந்த தோணிபோல ஆடி வரும். ட்ரெமலோ என்பார்கள். அந்த ஆட்டத்துக்காகத்தான் நான் அதை வாங்கினேன். அன்றுவரை, வாசித்த நாளெல்லாம் அது ஒழுங்காகவே ஒலித்தது. ஒரு நாள்கூட இப்படிப் புறுபுறுத்ததில்லை.

முதலில் அம்பிளிபயரைச் சந்தேகித்தேன். அது ஊரில் ஒரு றேடியோ திருத்துகிறவர் பழைய சாமான்களைக் கொண்டு அடித்துத் தந்தது. வயரைக் கழற்றிவிட்டு, கிற்றாரை மடியில் வைத்து, ஒரு தட்டுத் தட்டிக் கம்பிகளைப் பொத்தினேன். காதைக் கிட்டக் கொண்டுபோனால் சத்தம் அங்கேயும் இருந்தது. அப்படியென்றால் அம்பிளிபயரில் பிழை இல்லை.

மெசினுக்குள் எந்த இடத்தில் சத்தம் என்று பார்ப்பதற்கு நாங்கள் ஒன்று செய்வோம். நீளமான திருப்புளியின் நுனியை மெசினில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திப் பிடிப்போம். உள்ளே நடப்பது பக்கத்தில் நின்று யாரோ கதைப்பது போலக் கேட்கும். கடையைப் பூட்டின பிறகு கிற்றாருக்கும் அதையே செய்தேன். கழுத்தில் ஒன்றும் இல்லை. முன்பக்கம் கொஞ்சம். திருப்பிப் போட்டு, முதுகில் இருந்த பிளாஸ்டிக் மூடியில் நுனியை வைத்தபோது காதுக்குள் மணி அடித்தது.

மூடியைக் கழற்றலாம் என்று விளக்கைக் கிட்ட இழுத்தேன். அப்போதுதான் கண்டேன். ஆறு திருகாணிகளில் இரண்டின் தலை பிய்ந்திருந்தது. அளவில்லாத திருப்புளியை, அல்லது கத்தி நுனியைப் போட்டுத் திருகினால் வருகிற காயம் அது. நான் அந்த மூடியை ஒருநாளும் திறந்ததில்லை. வாங்கின அன்று, வழக்கம்போல, ஒவ்வொரு ஆணியாகப் பார்த்திருந்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. இந்தக் காயம் புதிது. பித்தளை உள்ளே இன்னும் மினுங்கியது.

என் கையை விட்டு அந்தக் கிற்றார் ஒரே ஒரு முறைதான் போயிருந்தது.

எங்கள் குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தவன் என் வயதுக்காரன். கோப்பாயில் வீடு. தாயும் அவனும்தான். அந்த ஒத்திகைக்கு இரண்டு மாதத்துக்கு முன்னர், அவன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கலியாணத்துக்கு வாசித்துவிட்டு நிற்கும்போது, ஊரடங்கு போடப்போகிறார்கள் என்று கதை வந்தது. றோட்டால் போக முடியாது. தோட்டத்து வரம்புகளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. கிற்றார்ப் பெட்டியோடு அப்படிப் போக ஏலாது. அதை அவன் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். எடுக்கப் போனபோது ஒரு கிழமை, ஏழு நாள், கழிந்திருந்தது. அன்றைக்கு அவன் என்னை உள்ளே கூப்பிடவில்லை. கிற்றாரை வேலிப் படலைக்கே கொண்டுவந்து தந்தான். தாய் அவனுக்குப் பின்னால் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நேரமும் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிற மனிசி, அன்றைக்கு ஒரு சொல் பேசவில்லை. காலம் அப்படி, எல்லாருக்கும் மனம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். பிறகு, சத்தம் கேட்ட அந்த ஞாயிறுவரை ஒத்திகையும் நடக்கவில்லை, நான் கிற்றாரை வாசிக்கவும் இல்லை.

இப்போது அந்தப் படலையடி வேறு மாதிரித் தெரிந்தது.

மூடியைத் திறந்தேன். கை நீளத்தில் பாதிகூட இல்லாத குழி. பிரிட்ஜை இழுத்துப் பிடிக்க மூன்று ஸ்பிரிங்குகள். விரலால் ஒன்றைத் தட்டினேன்; அதேதான். கம்பி அதிரும்போது இவையும் சேர்ந்து அதிர்கின்றன. கம்பியை நான் அடக்கினாலும் இவற்றை அடக்க யாரும் இல்லை. உள்ளங்கையை ஸ்பிரிங்குகளில் வைத்துக்கொண்டு தட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிட்டது. முன்னர் ஏன் வரவில்லை என்பதுதான் தெரியவில்லை.

குழியின் அடிப்பலகையில், ஸ்பிரிங்குகளுக்கு நேர் பின்னால், நீள்சதுரமாக ஓர் இடம் தூசி படாமல் வெளிறிக் கிடந்தது. நடு ஸ்பிரிங்கின் சுருளில் சிவப்பு நூல் இரண்டு மூன்று சிக்கியிருந்தது.

இங்கே ஏதோ ஒரு பொருள் இருந்திருக்கிறது. அதைச் சுற்றிச் சிவப்புத் துணி இருந்திருக்கிறது. இப்போது அது இல்லை.

நான் அந்த இடத்திலேயே குந்தியிருந்து யோசித்தேன். அவன் என் கிற்றாரைத் திறந்து அதற்குள் எதையோ ஒளித்திருக்கிறான். ஊரடங்கு முடியும்வரை வைத்திருந்து, நான் வர முதல் எடுத்துவிட்டான். அல்லது, எடுக்காமலே என்னிடம் தந்து, பிறகு ஏதாவது ஒரு நாள் எனக்குத் தெரியாமல் எடுத்தானோ?  அந்தப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு சோதனை நடக்கிற றோட்டால் இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை ஆமிக்காரன் ஒருவன் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கிற்றாரைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டிருந்தான். அவன் மூடியைக் கழற்றியிருந்தால்?

அடுத்த ஞாயிறு ஒத்திகையில் சும்மா கேட்பது போலக் கேட்டேன். ஊரடங்கு நேரம் கிற்றாரை யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்று. அவன் தன் பேஸ் கிற்றாரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுவதை நிறுத்தவில்லை.

"வைச்ச இடத்திலைதான் கிடந்தது. ஒருத்தரும் தொடேல்லை."

பொய். பொய் என்பதைவிட, சுற்றி முடித்த வயரை அவன் அவிழ்த்துவிட்டுத் திரும்பச் சுற்றத் தொடங்கியதுதான் என்னை உறுத்தியது. அதற்குப் பிறகு அவன் எனக்குப் பக்கத்தில் இருக்கும் வாங்கை விட்டுத் தபேலாவுக்கு அந்தப் பக்கம் போய் இருந்தான். ஒத்திகை முடிந்தால் நாங்கள் இருவரும் உரும்பிராய்ச் சந்திவரை சேர்ந்துதான் சைக்கிள் உழக்குவோம். அன்றிலிருந்து அவனுக்கு வேறு அலுவல்கள் வந்தன. நான் அவனைக் கவனித்தேன். அவனும் என்னைக் கவனிக்கிறான் என்று தெரிந்தது. பாட்டின் நடுவில் நிமிர்ந்தால் இரண்டு பேரின் பார்வையும் முட்டும், உடனே விலகும்.

சத்தத்தை நிறுத்த நானே ஒன்று செய்து பார்த்தேன். சைக்கிள் ரியூப்பை வெட்டி ஸ்பிரிங்குகளில் இறுக்கிச் சுற்றினேன். சத்தம் நின்றது, ஆனால் பிடியை அழுத்தி விட்டால் சுரம் பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. ஒரு பாட்டுக்குள்ளேயே கிற்றார் சுருதி விலகியது. மாஸ்ரர் கண்ணை மூடிக்கொண்டார். ரியூப்பைக் கழற்றி எறிந்தேன். என் மனதில் இருந்ததும் வெறும் சத்தம் அல்ல.

விற்றவரைக் கேட்பது என்று கிற்றாரோடு குருநகருக்குப் போனேன். மூடியை அவர் எப்போதாவது திறந்தாரா, உள்ளே ஏதும் இருந்ததா என்று அறிந்தால் அவனை நேரே பிடிக்கலாம். கடலுக்குப் போகத் தடை இருந்த காலம். கரையில் வள்ளங்கள் ஏறிக் கிடந்தன. வீட்டில் அவர் இல்லை. திரும்பக் கப்பலுக்குப் போய் ஐந்து மாதம் என்றார் அவருடைய தங்கை. முப்பது வயதிருக்கும். முன்னறையில் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தார். சுவரில் மாதா படமும் அதற்குக் கீழே அடுக்கிவைத்த பள்ளிக்கூடச் சட்டைகளும். நான் வாங்க வந்த அன்று என்னைக் கண்டிருக்கிறார், ஞாபகம் வைத்திருந்தார்.

கிற்றார் சத்தம் போடுகிறது என்றேன். அவர் என்னைக் கேட்காமலே அதை வாங்கி மேசையில் குப்புறப் போட்டு, திறந்து கிடந்த குழியைப் பார்த்தார்.

"எங்கை அந்தத் தலகணி?"

"எந்தத் தலகணி?"

"உதுக்குப் பின்னாலை இருந்ததே. நான்தான் தைச்சுக் குடுத்தனான்."

கிற்றார் வந்த நாளிலிருந்து அந்த ஸ்பிரிங்குகள் இரைந்தனவாம். அண்ணன் வாசித்து நிறுத்தினாலும் அது நிற்காது. அம்மா செபமாலை சொல்லும்போது கரைச்சல். அண்ணன் காகிதம் வைத்துப் பார்த்தார், பஞ்சு வைத்துப் பார்த்தார். பஞ்சு நழுவிப் போய் ஸ்பிரிங்கில் சிக்கியது. அதன் பிறகு இவர் மிஞ்சின சிவப்பு பிளனல் துணியில் ஒரு சிறு தலையணை தைத்து, அண்ணன் கப்பலில் போட்ட கம்பளிச் சட்டையைப் பிய்த்து உள்ளே அடைத்து, நாலு பக்கமும் இறுக்கி மூடிக் கொடுத்திருக்கிறார். அது ஸ்பிரிங்குகளை மெல்லத் தொட்டுக்கொண்டு இருக்கும், பிடித்து இறுக்காது. வேண்டுமென்றால் இப்போதே இன்னொன்று தைத்துத் தரலாம் என்று அளவு நாடாவை எடுத்தார்.

நான் அதோடு நன்றி சொல்லி, தைக்கக் கொடுத்துவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் இத்தனை நாள் சந்தேகம் அவ்வளவு லேசில் விடுவதில்லை. வெறும் கம்பளி அடைத்த துணியை ஒருவன் எதற்காக எடுக்கிறான்? கப்பல்காரர் தங்கைக்குத் தெரியாமல் அதற்குள் எதையும் வைத்திருந்தாரோ? அவனுக்கு அது தெரிந்திருந்ததோ?

"அதுக்குள்ளை வேறை ஏதும் இருந்ததோ அக்கா?" என்று கேட்டேன்.

அவருடைய கை நாடாவோடு நின்றது. என் முகத்தையும், எண்ணெய் ஊறிய என் விரல்களையும், வாசலில் சாத்தியிருந்த சைக்கிளையும் பார்த்தார்.

"வேறை எண்டால் என்ன? தம்பி, உங்களை ஆர் விட்டது?"

ஒருவரும் விடவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றேன். சொல்லச் சொல்ல அது பொய் போலவே கேட்டது. எனக்கே அப்படிக் கேட்டது. அவர் நாடாவைச் சுருட்டி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"அண்ணை இஞ்சை இல்லை. எங்களுக்கு ஒண்டும் தெரியாது. போட்டு வாங்கோ."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுவதைக் கேட்டேன்.

அவமானமும் கோபமுமாக நேரே கோப்பாய்க்கு உழக்கினேன். அந்த அவமானத்துக்கும் அவனே காரணம் என்று வழி முழுவதும் நினைத்துக்கொண்டு போனேன். அவன் வீட்டுப் பின்வளவில் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான். பெட்டியைத் திறந்து, கிற்றாரைக் கவிழ்த்து வைத்து, பிய்ந்த திருகாணிகள் இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.

"மச்சான், உதைத் திறந்தது நீதானே?"

அவன் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, குசினி வாசலில் நின்ற தாயைப் பார்த்தான். தாய் கீழே பார்த்தார்.

"ஓம். நான்தான்."

"அதுக்குள்ளை இருந்தது எங்கை?"

"உனக்கு அது வேணுமோ?" என்று கேட்டான். அவன் குரலில் இருந்தது பயம் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். அவன் என்னைக் கண்டுதான் பயந்தான்.

அவன் சொன்னது இதுதான். ஊரடங்கின் இரண்டாம் நாள், வீடு வீடாகச் சோதிக்க வருகிறார்கள் என்று கதை வந்தது. மற்றவனுடைய பெட்டி வீட்டில் கிடக்கிறதே, அதற்குள் என்ன என்று பார் என்று தாய் சொன்னார். அந்தச் சில மாதங்களாகவே அவனுக்கு என்னில் ஒரு சந்தேகம் இருந்தது. நான் எல்லா ஊருக்கும் சைக்கிளில் திரிகிறேன். பையில் வயர், இரும்புச் சாமான். ஒரு முறை அவனிடம் காகிதத்தில் சுற்றிய பாரமான ஒரு பொதியைக் கொடுத்து, அச்சுவேலியில் ஒரு வீட்டில் கொடுக்கச் சொல்லியிருந்தேன். அது என்ன என்று சொல்லவில்லை. அது ஒரு தோட்டக்காரரின் மெசினுக்குப் பிஸ்ரன். சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவனுக்குக் கேட்கத் துணிவில்லை.

"நீ இயக்கத்துக்குச் சாமான் காவுறாய் எண்டு நினைச்சன். தேங்காய்க் கத்தியாலைதான் திறந்தனான். பாத்தால் உள்ளுக்கை ஒரு பொதி. நாலு பக்கமும் தைச்சு மூடியிருக்கு. கிற்றாருக்குள்ளை ஆர் மச்சான் பொதி வைக்கிறது? வெட்டிப் பாக்கவும் பயம். உந்த வாழையடியிலை தாட்டுப்போட்டன்."

"அப்ப நான் கேக்கேக்கை ஏன் சொல்லேல்லை?"

"பொதியைத்தான் கேக்கிறாய் எண்டு நினைச்சன். இல்லையெண்டு சொன்னால் உன்ரை ஆக்கள் வருவினமெண்டு அம்மா இரவிலை நித்திரை கொள்ளிறேல்லை."

எனக்கு ஆக்கள் இல்லை. மாஸ்ரரைத் தவிர என்னைத் தேடி வர உலகத்தில் யாரும் இல்லை. அதைச் சொன்னேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. நானும் அவன் சொன்னதை முழுக்க நம்பிவிடவில்லை. அதனால் இருவருமாக வாழையடியைத் தோண்டினோம். ஒரு முழம் ஆழத்தில், சீமெந்துக் காகிதத்தில் சுற்றி, அது கிடந்தது. சேறு ஊறிக் கறுத்த சின்னத் தலையணை. தாய் பிளேட் கொண்டுவந்தார். அவனை வெட்டச் சொன்னேன். அவன் என்னை வெட்டச் சொன்னான். கடைசியில் தாயே வாங்கி ஒரு பக்கத் தையலைப் பிரித்தார்.

கம்பளி நூல். வேறு ஒன்றும் இல்லை. தாய் அதை வாழையிலையில் பரப்பினார். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து, ஒவ்வொரு கற்றையாக விரலால் பிரித்துப் பார்த்தோம். முடிந்த பிறகு அவன் இன்னொரு முறை பார்த்தான். நானும் பார்த்தேன்.

"இதுக்கோ?" என்றார் தாய். அவ்வளவுதான் சொன்னார். பிறகு அழுதார். அவருக்கு முன்னால் எங்களால் சிரிக்க முடியவில்லை, பிறகும் அதைச் சொல்லி நாங்கள் சிரித்ததில்லை.

அவர் துணியைத் தோய்த்து, கம்பளியை வெயிலில் காயவைத்து, திரும்பத் தைத்துத் தந்தார். ஸ்பிரிங்குகளுக்குப் பின்னால் அதை வைத்து மூடியைப் பூட்டினேன். அடுத்த ஞாயிறு பாட்டு ஒரே வெட்டாக நின்றது. கொட்டிலுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மாஸ்ரர் தலையாட்டி, இப்போதுதான் கை படிந்திருக்கிறது என்றார். நான் மறுக்கவில்லை. அச்சுவேலித் திருவிழாவில் வாசித்தோம். அவன் திரும்ப எனக்குப் பக்கத்து வாங்குக்கு வந்தான். சந்திவரை சேர்ந்து போனோம். ஆனால் அதற்குப் பிறகு அவனிடம் ஒரு சாமானைக் கொடுக்கும்போதெல்லாம், அது என்ன, யாருக்கு, எதற்கு என்று கேட்க முதலே சொல்லிவிடுவேன். அவனும் அப்படியே செய்தான். நண்பர்கள் அப்படிக் கதைப்பதில்லை என்று இருவருக்கும் தெரியும். அடுத்த வருடம் அவன் ஜேர்மனிக்குப் போகும்வரை அது மாறவில்லை.

குருநகர்ப் பெண்ணிடம் போய் விசயத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். திருவிழாவுக்கு வேலை, பிறகு வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் காலம், மெசின்கள் வரிசையில் நின்றன. போக ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மனிசி வேலிக்கு மேலால் பார்த்தார். அவர்கள் இடம்பெயர்ந்து போய்விட்டார்கள் என்றார். எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றார். எதிர்வீட்டில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன், அவரும் தெரியாது என்றார். தேவாலயத்தடியில் நின்ற ஒருவர் நான் எந்த ஊர், என்ன அலுவல் என்று கேட்டார். கிற்றாருக்குள் வைத்த தலையணையைப் பற்றி அவருக்கு எப்படிச் சொல்வது? சும்மா வந்தேன் என்றேன்.

அவர்கள் எங்கே போனார்கள் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. யாருமே எனக்குச் சொல்லவில்லை. நான் அவர்களாக இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.